விமான நிலையச் சோதனையில் அத்துமீறினால் யாரிடம், எத்தனை நாளுக்குள், எப்படிப் புகார் கொடுப்பது?

பையை எக்ஸ்ரே பெல்ட்டில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேடையில் ஏறி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் ஒரு பணிவு வந்துவிடுகிறது. விமானத்தைத் தவறவிடும் பயம்தான் காரணம். நேர்மையாக வேலை பார்க்கும் காவலருக்கு அந்தப் பணிவு உதவியாக இருக்கிறது. அத்துமீற நினைப்பவருக்கும் அதுவே வசதியாகிவிடுகிறது. நண்பர்களும் உறவினர்களும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் இந்திய விமான நிலையங்கள் பற்றியது, கடைசிப் பகுதியில் அமெரிக்காவும் கொஞ்சம் வருகிறது. இதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று இறங்கினால் வக்கீலைப் பார்க்கத்தான் வேண்டும்.

சோதனை செய்பவர்கள் யார்? எல்லாரும் ஒரே துறையா?

இல்லை. பாதிப் புகார்கள் தவறான கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

மெட்டல் டிடெக்டர் வாசல், உடலைத் தடவிப் பார்க்கும் சோதனை, கைப்பை எக்ஸ்ரே ஆகியவை இந்தியாவின் முக்கிய விமான நிலையங்களில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் வேலை. பேச்சில் எல்லாரும் சிஐஎஸ்எஃப் என்கிறோம். 1999 டிசம்பரில் ஐசி 814 விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. அதுவரை மாநிலப் போலீஸ் பார்த்த வேலை அது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, சென்னை உட்பட ஒவ்வொன்றாக சிஐஎஸ்எஃப் கைக்குப் போனது. சில சிறிய விமான நிலையங்களில் இப்போதும் மாநிலப் போலீஸ்தான்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது குடியேற்றப் பிரிவு. தங்கம், மதுபானம் என்று பெட்டியைக் கிளறுவது சுங்கத்துறை. செக்-இன் பெட்டியை ஸ்கேன் செய்வது விமான நிறுவனம் அல்லது விமான நிலைய நிர்வாகத்தின் ஆட்கள். விமானப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது தடவை தடவிப் பார்க்கிறார்களே, அது பெரும்பாலும் விமான நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்பு ஊழியர்கள்.

2009 ஏப்ரலில் டெல்லியில் அப்துல் கலாமைச் சோதித்தது அந்தக் கடைசி வகைதான். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அது தெரிந்தும் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் அமெரிக்க விதியைக் காட்டி அவரைச் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்து விஷயம் நாடாளுமன்றத்தில் வெடித்தபோது நோட்டீஸ் போனது அந்த நிறுவனத்துக்கு. மன்னிப்புக் கேட்டதும் அந்த நிறுவனம்தான். சிஐஎஸ்எஃப்புக்கு அதில் வேலையே இல்லை. எனவே முதலில் சட்டையில் இருக்கும் பட்டையைப் பாருங்கள்.

சிஐஎஸ்எஃப்காரர்களுக்கு எவ்வளவு அதிகாரம்?

நிறையவே. 1968-ஆம் ஆண்டு சிஐஎஸ்எஃப் சட்டப்படி, சில சூழல்களில் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், தேடலாம். கைது செய்தால் தாமதமில்லாமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். 1983-இல் வந்த திருத்தத்தால் இது ‘ஒன்றியத்தின் ஆயுதப் படை’ ஆனது. அந்த மூன்று சொல்லும் புகார்தாரருக்கு எவ்வளவு தலைவலி என்பது கீழே வரும்.

ஆனால் எதைச் சோதிப்பது, எதை அனுமதிப்பது என்ற விதிகளை எழுதுவது அவர்கள் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், சுருக்கமாக பிசிஏஎஸ், எழுதுகிறது. எடுத்துக்காட்டாக, கைப்பையில் தேங்காய்க்குத் தடை உண்டு. சபரிமலைக்குப் போகிறவர்களுக்காக 2024 அக்டோபரில் இருமுடித் தேங்காய்க்கு பிசிஏஎஸ் தற்காலிக விலக்கு கொடுத்தது, 2025 ஜனவரி 20 வரை. அந்த விலக்கு இல்லாத மாதத்தில் தேங்காயை எடுத்து வைத்துவிட்ட காவலர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் அத்துமீறவில்லை. சண்டை விதியோடு என்றால் பிசிஏஎஸ்ஸுக்கு எழுதுங்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிசிஏஎஸ் சுற்றறிக்கைகளில் பல ரகசியம். பயணி எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற விதி பயணிக்கே தெரியாது. ‘ரூல் அப்படித்தான்’ என்று காவலர் சொன்னால் உண்மையா, சும்மா சொல்கிறாரா என்று சரிபார்க்க வழியில்லை. அத்துமீறலில் பாதி இந்த இருட்டில்தான் வளர்கிறது.

எது அத்துமீறல்? முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டால் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் ஒன்றும் நடக்காது. வேலைக்குத் தேவையான அளவைத் தாண்டி உடலையோ மானத்தையோ சுதந்திரத்தையோ தொட்டால் அது வேறு. நடந்த சிலவற்றைச் சொன்னால் புரியும்.

2022 மார்ச்சில் குவாஹாட்டியில், இடுப்பில் டைட்டானியம் பொருத்தப்பட்ட, சக்கர நாற்காலியில் வந்த 80 வயது மூதாட்டியை ஆடை களையச் செய்து சோதித்ததாக அவர் குடும்பம் புகார் சொன்னது. சம்பந்தப்பட்ட பெண் காவலர் இடைநீக்கம் செய்யப்பட்டார். 2023 ஜனவரியில் பெங்களூரில் ஓர் இளம்பெண், சோதனையில் மேல்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள் என்று எழுதினார். நடன நடிகை சுதா சந்திரன், ஒவ்வொரு பயணத்திலும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் வீடியோ போட்டார். சிஐஎஸ்எஃப் வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், செயற்கை உறுப்பு உள்ளவர்களை அதைக் கழற்றச் சொல்லக் கூடாது, மனித மாண்பு காக்கப்பட வேண்டும் என்றது.

இந்த மூன்றிலும் ‘சோதனையே கூடாது’ என்று யாரும் சொல்லவில்லை. உலோகம் ஒலித்தால் பார்க்க வேண்டியதுதான். பார்த்த விதம்தான் கேள்வி. பெண்களைப் பெண் காவலர்தான், திரை போட்ட மறைவில்தான் சோதிக்க வேண்டும். கூடுதலாகப் பார்க்க வேண்டுமென்றால் தனி இடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவச் சான்று இருந்தால் கையில் வைத்திருங்கள். சான்று காட்டினால் சோதனை போய்விடாது, ஆனால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பிறகு சொல்ல முடியாது.

மெதுவாகப் போகும் வரிசை, பவர் பேங்கை இரண்டு தடவை ஸ்கேன் செய்வது, பெல்ட்டைக் கழற்றச் சொல்வது, இதெல்லாம் எரிச்சல். அவ்வளவுதான்.

மொழியை வைத்து அவமானப்படுத்தினால்?

தமிழ்ப் பயணிகளிடம் அதிகம் கேட்கும் குறை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட கனிமொழியிடம், நீங்கள் இந்தியர்தானா என்று ஒரு சிஐஎஸ்எஃப் அதிகாரி கேட்டதாக அவரே எழுதினார். படை விசாரணைக்கு உத்தரவிட்டது. தனக்கும் இப்படி நடந்ததுண்டு என்று ப. சிதம்பரம் சொன்னார். 2022 டிசம்பரில் மதுரையில் தன் வயதான பெற்றோரைப் பையிலிருந்து நாணயங்களை எடுக்கச் சொல்லி அலைக்கழித்ததாகவும், ஆங்கிலத்தில் பேசச் சொல்லியும் இந்தியிலேயே பேசியதாகவும் நடிகர் சித்தார்த் குற்றம்சாட்டினார். 2023 டிசம்பரில் கோவாவில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ‘தமிழ்நாடு இந்தியாவில்தானே இருக்கிறது, இந்தி கற்றுக்கொள்’ என்ற பாடம் நடந்தது. அதை முதல்வர் மு.க. ஸ்டாலின் கண்டித்தார்.

இந்தி தெரியாமல் இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. காவலருக்குத் தமிழ் தெரியாமல் இருப்பதும் குற்றமில்லை. அரியானாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ மீனம்பாக்கத்துக்கு மாற்றலாகி வந்த பையன் அவன், கையைக் காட்டி ‘பெல்ட், ஷூ’ என்றால் வேலை முடிந்தது. அந்த அளவில் நின்றால் யாருக்கும் சண்டையில்லை. குடியுரிமை பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தால் அது நடத்தை விதி மீறல், துறை விசாரணைக்கு உரியது. குற்ற வழக்காக்குவது கடினம். எனவே இதற்கான சரியான இடம் போலீஸ் நிலையம் அல்ல, படையின் மேலதிகாரி. காவலர் சொன்ன வாக்கியத்தை, எந்த மொழியில் சொன்னாரோ அதே மொழியில், தமிழ் எழுத்திலேயே ஆனாலும் சரி, அப்படியே எழுதி வையுங்கள். ‘அவமரியாதையாகப் பேசினார்’ என்ற புகாருக்கு ‘அப்படி எதுவும் இல்லை’ என்ற ஒரு வரிப் பதில் போதும். சொன்ன வார்த்தையைக் குறிப்பிட்ட புகாருக்கு அது போதாது.

அந்த இடத்திலேயே என்ன செய்ய வேண்டும்?

முதலில், குரலை உயர்த்தாதீர்கள். ஒழுக்கப் போதனைக்காக இதைச் சொல்லவில்லை. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, தாக்கியது என்று எதிர்வழக்குப் போட அங்கே அதிக நேரம் ஆகாது. 2024 ஜூலையில் ஜெய்ப்பூரில் ஸ்பைஸ்ஜெட் பெண் ஊழியர் ஒருவர் சிஐஎஸ்எஃப் துணை உதவி ஆய்வாளரை அறைந்தார். சோதிக்கப் பெண் காவலர் இல்லாத நேரத்தில் தகாத முறையில் பேசினார் என்பது ஊழியர் தரப்பு. கைதானது அந்தப் பெண். கேமராவில் பதிவானது அறை, பேச்சு பதிவாகவில்லை. கை ஓங்கிய நொடியில் உங்கள் புகார் இரண்டாவது இடத்துக்குப் போய்விடும். ‘பையில் என்ன, குண்டா இருக்கு?’ என்று நக்கலடிப்பதும் அப்படித்தான், அன்றைக்கு விமானம் உங்களுக்கு இல்லை.

அடுத்து, ஷிப்ட் பொறுப்பு அதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சோதனைப் பகுதிக்கும் ஒரு ஆய்வாளரோ உதவி ஆய்வாளரோ இருப்பார். பல நேரம் இங்கேயே விஷயம் முடிந்துவிடும். சட்டைப் பெயர்ப்பட்டையைப் படியுங்கள். சோதனை வரிசை எண், மணி, பக்கத்தில் நின்ற பயணி, இவற்றை உள்ளே போய் உட்கார்ந்ததும் உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியில் நேரம் தானாகப் பதிவாகிவிடும். போர்டிங் பாஸை வீசிவிடாதீர்கள்.

செல்போனில் வீடியோ எடுக்கலாமா?

இந்தியாவில் சோதனைப் பகுதியில் படம் எடுக்கத் தடை. எடுத்தால் அழிக்கச் சொல்வார்கள், பேச்சு அதோடு திசைமாறும். உங்கள் சாட்சி மேலே சுவரில் தொங்கும் கேமரா.

அந்த சிசிடிவி பதிவு கிடைக்குமா?

பதிவு சாதாரணமாக ஒரு மாத அளவுக்குத்தான் சேமித்து வைக்கப்படுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் சொல்ல அவர்களுக்கு இருக்கும் அவகாசம் 30 நாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாவகாசமாக ஆர்டிஐ போட்டால் பதில் வரும்போது பதிவு இருக்காது.

எனவே முதல் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மின்னஞ்சல், கூடவே ஒரு பதிவுத் தபால். நாள், நேரம், சோதனை வரிசை எண் போட்டு, ‘இந்த நேரத்துக்குரிய சிசிடிவி பதிவைப் புகார் முடியும்வரை அழிக்காமல் பாதுகாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்ற ஒரே கோரிக்கை. விமான நிலைய இயக்குநருக்கு ஒன்று, சிஐஎஸ்எஃப்புக்கு ஒன்று. அதற்குப் பிறகும் பதிவு அழிந்தால், ஏன் அழித்தார்கள் என்று நீதிமன்றத்தில் அவர்கள் விளக்க வேண்டிவரும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

எழுத்துப் புகார் யாருக்கு?

ஒவ்வொரு விமான நிலையத்திலும் சிஐஎஸ்எஃப் பிரிவின் தலைவரை ‘தலைமை விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரி’ என்பார்கள். முதல் புகார் அவருக்கு. நகல் டெல்லியில் உள்ள படைத் தலைமை இயக்குநருக்கும், பிசிஏஎஸ்ஸின் மண்டல அலுவலகத்துக்கும். சென்னையிலும் ஒரு மண்டல அலுவலகம் உண்டு.

இணையத்தில் இரண்டு வழி. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா ஒன்று. மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ் இன்னொன்று, இதில் 21 நாளுக்குள் தீர்வு என்பது 2024 முதல் உள்ள வழிகாட்டுதல். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று மூடிவிட்டால் மேல்முறையீடு அதே தளத்திலேயே உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. சமூக ஊடகத்தில் எழுதுவதும் வேலை செய்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ட்வீட்டுக்குப் புகார் எண் கிடையாது. காலக்கெடுவும் கிடையாது.

ஆர்டிஐ சிஐஎஸ்எஃப்புக்குச் செல்லாது என்கிறார்களே?

பாதி உண்மை. தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் சிஐஎஸ்எஃப்புக்கு விலக்கு கொடுக்கின்றன. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் அந்த விலக்கில் வராது. மனித உரிமை மீறல் என்று கேட்டால் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளுக்குள் தகவல் தர வேண்டும். மனுவின் முதல் வரியிலேயே ‘மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பாக’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 24-ஐக் காட்டி ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். அத்தோடு, சென்னை விமான நிலையத்தை நடத்தும் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு அந்த விலக்கே கிடையாது. அங்கே தனியாக ஒரு மனு போடலாம்.

போலீஸில் எஃப்ஐஆர் போட முடியுமா?

முடியும். விமான நிலையக் காவல் நிலையம் மாநிலப் போலீஸுடையது. ஊருக்குத் திரும்பிவிட்டாலும் எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் கொடுக்கலாம். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வாங்க மறுத்தால் உயரதிகாரிக்கு எழுதி, பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

தடை இரண்டு இடத்தில் வருகிறது.

முதலாவது, காலம். சிஐஎஸ்எஃப் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்வது இது: பணி அதிகாரத்தின் பேரில் செய்த செயலுக்காக வழக்குப் போட வேண்டுமென்றால், சிவிலோ கிரிமினலோ, மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே சம்பந்தப்பட்டவருக்கும் அவர் மேலதிகாரிக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால், நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு இருப்பது இரண்டே மாதம். ‘துறை விசாரணை முடியட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். விசாரணை நடத்துபவர்களுக்கு இந்தப் பிரிவு நன்றாகவே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, அனுமதி. ஆயுதப் படையினர் மீது, பணியின்போது செய்த செயலுக்கு வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 218. ஆனால் இந்தக் குடை எல்லாவற்றையும் மூடாது. பாலியல் துன்புறுத்தல், பெண்ணின் மானத்துக்கு இழுக்கு ஏற்படுத்துதல், ஆடை களையச் செய்தல் போன்ற குற்றங்களுக்கு அனுமதி தேவையில்லை என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. மற்றவற்றிலும், கடமையோடு நியாயமான தொடர்பு உள்ள செயலுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு போலீஸ் அத்துமீறல் வழக்கில் தெளிவாக்கியது. உலோகக் கருவி ஒலித்ததால் தடவிப் பார்த்தது கடமை. தட்டில் வைத்த பர்ஸிலிருந்து பணத்தை எடுத்தது கடமையில் சேராது.

தேசிய மனித உரிமை ஆணையம் உதவுமா?

ஓரளவுக்கு. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ஆனால் மேலே சொன்ன ‘ஆயுதப் படை’ என்ற சொல் இங்கும் குறுக்கே வரும். சாதாரணப் போலீஸ் மீதான புகாரை ஆணையம் தன் புலனாய்வுப் பிரிவை வைத்தே விசாரிக்கலாம். ஆயுதப் படை என்றால், 1993-ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, மத்திய அரசிடம் அறிக்கை கேட்கவும் பரிந்துரை செய்யவும் மட்டுமே முடியும். அரசு மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் குடும்பத்தோடு வரும் பயணியைச் சோதிக்கும் வேலைக்கு எல்லைப் போரில் நிற்கும் படைக்குரிய கவசம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இருந்தாலும் எழுதுங்கள். அந்த அறிக்கை கேட்கும் கடிதம் வந்தாலே கோப்பு நகரும்.

நஷ்டஈடு?

உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். அரசு ஊழியர் அடிப்படை உரிமையை மீறினால் அரசே இழப்பீடு தர வேண்டும் என்பது 1993-இல் ஒடிசா லாக்கப் மரண வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணை விமானத்திலிருந்து இறக்கிவிட்டதற்காக 2016-இல் ஸ்பைஸ்ஜெட் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டிவந்தது. ஆனால் அது விமான நிறுவனம். கடினமாகப் பேசிவிட்டார் என்பதற்கெல்லாம் ரிட் போட்டால் நீதிபதிக்கும் கோபம் வரும்.

காவலரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அது போதாதா?

இடைநீக்கம் தண்டனையே அல்ல, விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. அதற்குப் பிறகு பதவி இறக்கமா, ஊதிய வெட்டா, வேலை நீக்கமா என்பதைத்தான் கேட்க வேண்டும். முதல் நாள் செய்தியில் வந்த இடைநீக்கத்தின் முடிவு என்ன ஆனது என்று செய்தித்தாளில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது.

இன்னொன்று, வேகம். 2024 ஜூனில் சண்டிகர் விமான நிலையத்தில், அப்போதுதான் எம்.பி.யாகத் தேர்வான கங்கனா ரனாவத்தை ஒரு பெண் காவலர் அறைந்தார். இடைநீக்கம், எஃப்ஐஆர், விசாரணை எல்லாம் கையோடு வந்தன. வந்தது சரிதான். அதே வேகம் சேலை கட்டிய ஒரு பாட்டிக்கும் கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி. மேலே சொன்ன சம்பவங்களைத் திரும்பப் பாருங்கள். பிரபலமானவர், அல்லது பிரபலமாகப் பதிவு எழுதத் தெரிந்த பிள்ளை உள்ளவர். மற்றவர்கள் கதை நமக்குத் தெரியவே தெரியாது.

ஒரு கான்ஸ்டபிளை வீட்டுக்கு அனுப்புவது நிர்வாகத்துக்கு மலிவான தீர்வு. செயற்கை உறுப்பைச் சோதிக்க அவருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், அன்று ஒரு ஷிப்டில் எத்தனை பெண் காவலர்கள் இருந்தார்கள், மேற்பார்வையாளர் எங்கே போனார் என்ற கேள்விகள் அதோடு மூடிவிடுகின்றன. புகாரில் அவற்றையும் கேளுங்கள். உள்நாட்டு டிக்கெட் ஒவ்வொன்றிலும் பாதுகாப்புக் கட்டணம் 200 ரூபாய் என்று 2021 ஏப்ரலில் உயர்த்தினார்கள். கேட்பதற்கு அது ஒன்றே போதும்.

அமெரிக்காவில் நடந்தால்?

அங்கே சோதிப்பது டிஎஸ்ஏ எனும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே நவம்பரில் போட்ட சட்டத்தால் பிறந்த அமைப்பு. சிஐஎஸ்எஃப் போலன்றி, இவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை, போலீஸைத்தான் கூப்பிட வேண்டும். வேலைக்கு இடையூறு செய்யாமல், திரைகளைப் படமெடுக்காமல் இருந்தால் வீடியோ எடுக்கவும் தடையில்லை.

வழக்கு என்று வந்தால் அங்கும் பல ஆண்டு முட்டுக்கட்டை. அரசு ஊழியர் தாக்கினார், அநியாயமாகப் பிடித்து வைத்தார் என்று அரசு மேல் வழக்குப் போட முடியாது என்பது பொது விதி. ‘சட்ட அமலாக்க அதிகாரி’ செய்திருந்தால் போடலாம் என்று 1974-இல் ஒரு விலக்கு சேர்த்தார்கள். டிஎஸ்ஏ ஊழியர் அந்த வகையில் வருவாரா? மார்பில் ‘அதிகாரி’ என்ற பட்டை, ஆனால் நீதிமன்றத்தில் ‘நாங்கள் வெறும் ஸ்கிரீனர்கள்’ என்ற வாதம். 2006-இல் பிலடெல்பியா விமான நிலையத்தில் சோதனையில் தகராறாகி, ஊழியர்கள் கொடுத்த குற்றச்சாட்டுகளிலிருந்து விடுதலையான ஒரு பெண், அந்த வாதத்தை எதிர்த்து விடாமல் போராடினார். 2019 ஆகஸ்டில் மூன்றாவது சர்க்யூட் (மண்டல) மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 9-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சம்பவம் நடந்து 13 வருடம். பிறகு எட்டாவது, நான்காவது, ஒன்பதாவது சர்க்யூட்டுகளும் அதே வழியில் சென்றன. இழப்பீட்டுக் கோரிக்கையை முதலில் அந்தத் துறையிடமே இரண்டு ஆண்டுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம். தனிப்பட்ட ஊழியர் மேல் வழக்குப் போடும் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது.

2015-இல் வெளியான டென்வர் சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஆண் பயணி வரும்போது ஸ்கேனரில் பெண் என்ற பொத்தானை ஒரு ஊழியர் அழுத்துவார். இயந்திரம் இடுப்புக்குக் கீழே ஏதோ இருப்பதாகக் காட்டும், கூட்டாளி அந்த இடத்தைத் தடவுவார். இருவரும் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட பயணி யாரென்று அடையாளம் காண முடியாததால் குற்ற வழக்கு வரவில்லை. தடவப்பட்டவர்களில் ஒருவருக்கும் அது அத்துமீறல் என்றே தெரிந்திருக்காது.

கலாமுக்கு அங்கேயும் நடந்தது, 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், ஏர் இந்தியா விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு. கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தியா எதிர்ப்புத் தெரிவித்ததும் அமெரிக்கா எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. சொந்த ஊர் ராமேஸ்வரம், பேசிய மொழி தமிழ், ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு வெளியுறவுத் துறை இருந்தது.

புகாரை எப்படி எழுதுவது? மாதிரி ஒன்று கொடுங்கள்.

நீளமாக வேண்டாம், ஒரு பக்கம் போதும். உரிச்சொல்லைக் குறையுங்கள். இப்படி:

‘நான் (தேதி) அன்று (விமான எண்) விமானத்தில் (ஊர்) செல்ல, உள்நாட்டு முனையத்தின் (எண்) சோதனை வரிசைக்கு மாலை சுமார் 5.40-க்கு வந்தேன். என் தாயாருக்கு வலது முழங்காலில் உலோகம் பொருத்தியுள்ளது. மருத்துவச் சான்றைக் காட்டினோம். (பெயர்ப்பட்டையில் இருந்த பெயர்) என்ற காவலர் சான்றைப் படிக்க மறுத்து, திரை மூடாமலே சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொன்னார். தனி அறை கேட்டோம், “டைம் நஹீ ஹை” என்றார். பொறுப்பு அதிகாரியைக் கேட்டும் அழைக்கவில்லை. கோருவது: 1. 5.30 முதல் 6.00 வரையிலான சிசிடிவி பதிவைப் பாதுகாக்கவும். 2. விசாரணை நடத்தி முடிவை எழுத்தில் தெரிவிக்கவும். 3. அந்த ஷிப்டின் மேற்பார்வை அதிகாரி யார் எனத் தெரிவிக்கவும்.’

‘காட்டுமிராண்டித்தனம்’, ‘நாட்டுக்கே அவமானம்’ போன்றவற்றை மேடைக்கு வைத்துக்கொள்ளலாம். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாலே படிப்பவருக்கு உறைக்கும்.

புகார் கொடுத்தால் அடுத்த பயணத்தில் பழிவாங்குவார்களா?

அப்படி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முகங்கள், காவலர்களும் சில வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிவிடுவார்கள். விமான நிலையத்திலேயே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பயம் நியாயமானது. தினமும் அதே வாசல், அதே காவலர், காலாவதியாகும் நுழைவு அட்டை. அவர்கள் தனியாகப் போகாமல் தொழிற்சங்கம் வழியாகவோ, நிறுவனத்தின் உள் புகார்க் குழு வழியாகவோ போவது நல்லது.